ஏறியவர் கடன்

என் கைகளுக்கு முதுகுகள் பழக்கம். 34 ஆண்டுகள் பிசியோதெரபிஸ்ட்டாக இருந்தேன். முதல் ஆறு ஆண்டுகள் திருச்சியில், மற்றவை இங்கிலாந்தில். மூட்டை தூக்கி நழுவிய தட்டு, பிரசவத்துக்குப் பின் இறுகிய இடுப்பு, யாரோ அடிக்க வருகிறார்கள் என்று எதிர்பார்த்து எதிர்பார்த்து உயர்ந்தபடியே நின்றுவிட்ட தோள். வாய் சொல்லாததை முதுகு சொல்லிவிடும். ஓய்வு பெற்ற பிறகு, போன ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை, இதே கைகளை ஒரு குதிரையின் முதுகில் வைத்துப் பார்த்தேன்.

பிடரி முடிகிற மேட்டில் தொடங்கி, முதுகெலும்பின் இரு பக்கமும் இரண்டு விரல்களை அழுத்திக்கொண்டே வால் பக்கமாகப் போனேன். சேணம் உட்காரும் இடத்தில், பின்பாதியில், ஹேஸலின் தோல் சிலிர்த்தது. தசை கல்லாக இறுகியது. என் விரலிலிருந்து தப்பிக்க முதுகே கீழே அமிழ்ந்தது. காதுகள் பின்னால் மடங்கின. கையை எடுத்துவிட்டுச் சற்றுப் பொறுத்து மறுபடி அழுத்தினேன். மறுபடியும் அதே.

வெளியே வேனிலிருந்து ஒரு பையனை நாற்காலியோடு இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

யார்க்ஷையரில் ஊருக்கு வெளியே இருக்கும் சிறிய குழு எங்களுடையது. ஐந்து குதிரைகள், மணல் பரப்பிய ஒரு கொட்டகை, சக்கர நாற்காலியைக் குதிரையின் உயரத்துக்கு ஏற்றிச் செல்ல ஒரு சாய்தளம். பிரிட்டனில் உடல் குறைபாடு உள்ளவர்களுக்கான குதிரைச் சவாரிச் சங்கம் 1969இல் தொடங்கியது, ஆர்.டி.ஏ. என்பார்கள். நாடு முழுக்க நூற்றுக்கணக்கான குழுக்கள். பெரும்பாலும் என்னைப் போன்ற தன்னார்வலர்களால் நடப்பவை. கயிற்றைப் பிடித்துக் குதிரையை நடத்திச் செல்ல ஒருவர், இரு பக்கமும் கூடவே நடக்க இருவர். நான் பக்கத்தில் நடப்பவள். முன்கையைப் பிள்ளையின் தொடைமேல் வைத்துச் சேணத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் மணலில் நடக்க வேண்டும். முதல் மாதம் என் தோள் வலி தாங்கவில்லை. பிறகு பழகிவிட்டது.

அந்தப் பையனுக்கு அப்போது ஏழு வயது. பெருமூளை வாதம். இரண்டு கால்களும் கத்தரிக்கோல் போலக் குறுக்கே இழுத்துக்கொள்ளும். கால்சட்டை மாற்ற அவன் அம்மாவுக்கு இரண்டு கைகள் போதாது. அந்தத் தொடைகளைச் சிகிச்சை மேசையில் வைத்துத் தளர்த்த எவ்வளவு நேரம் ஆகும், எவ்வளவு அழுகை ஆகும் என்று எனக்குத் தெரியும். ஹேஸலின் மேல் பத்தே நிமிடம். அவள் முதுகின் அகலம் கால்களைத் தானாக விலக்கி வைக்கும். குதிரையின் உடற்சூடு 38 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும், நம்முடையதைவிடச் சற்றுக் கூடுதல். அந்தச் சூடு உள்தொடையில் மெல்ல இறங்கும். பிறகு அவள் நடக்கத் தொடங்குவாள். நடக்கிற குதிரையின் முதுகு முன்னும் பின்னும் அசைகிறது, பக்கவாட்டில் அசைகிறது, கொஞ்சம் திருகவும் செய்கிறது. நாம் நடக்கும்போது நம் இடுப்பு அசைவதும் ஏறக்குறைய இப்படியேதான். பிறந்ததிலிருந்து ஓரடி எடுத்து வைக்காத பிள்ளையின் இடுப்புக்குள், நடப்பது என்றால் இதுதான் என்று நிமிடத்துக்கு ஏறத்தாழ நூறு தரம் அவள் சொல்லிக்கொண்டே போவாள். என் 34 ஆண்டுப் படிப்பும் பழக்கமும் சேர்ந்து இதைச் செய்ய முடியாது. எந்த மனிதக் கையாலும் முடியாது.

ஒன்றரை ஆண்டில் அவன் தலையைத் தானாக நிமிர்த்தி வைக்கப் பழகினான். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வேறு. மற்ற நேரமெல்லாம் உலகம் அவனைக் குனிந்து பார்க்கிறது. குதிரை மேலிருந்து அவன் என்னைக் குனிந்து பார்த்தான். முதல் தடவை அப்படிப் பார்த்தபோது அவன் முகம் எப்படி இருந்தது என்பதை எனக்கு எழுத வரவில்லை.

(குதிரையை 'அவள்' என்று எழுதுவது தமிழில் வழக்கமில்லைதான். ஹேஸலை என்னால் வேறு எப்படியும் சொல்ல முடியவில்லை.)

இந்தச் சிகிச்சையைப் பற்றிப் பேசுகிறவர்கள் லிஸ் ஹார்டெலைச் சொல்லாமல் விடமாட்டார்கள். டென்மார்க்கைச் சேர்ந்தவர். 1944இல், 23 வயதில், வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோது போலியோ தாக்கியது. முழங்காலுக்குக் கீழே கால்கள் திரும்பி வரவில்லை. குதிரையில் ஏறவும் இறங்கவும் பிறர் தூக்கிவிட வேண்டும். அந்த உடம்போடு 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் டிரெஸாஜ் என்னும் குதிரையேற்றப் போட்டியில் ஆண்களோடு மோதி வெள்ளி வாங்கினார். தங்கம் வென்ற ஸ்வீடன் வீரர் ஆன்றி சேன்ட் சிர் அவர் மேடையேறக் கை கொடுத்ததை இன்றும் கண்கலங்கச் சொல்வார்கள். கலங்க வேண்டியதுதான். அந்தக் குதிரையின் பெயர் ஜூபிலி. பதக்க மேடையில் ஜூபிலிக்கு இடம் கிடையாது.

என் கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

குதிரைச் சிகிச்சை பற்றிய கையேடுகளில் ஒரு சொற்றொடர் திரும்பத் திரும்ப வரும்: குதிரை நம்மிடம் நிபந்தனையில்லாத அன்பு காட்டுகிறதாம். எனக்கு இதில் சம்மதமில்லை. குதிரை, பிடித்துத் தின்னப்படுகிற கூட்டத்தில் பிறந்த உயிர். கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் தவிர ஏறக்குறையச் சுற்றிலும் அதற்குத் தெரியும். லட்சக்கணக்கான ஆண்டுகள் அது உயிர் பிழைத்தது, பக்கத்தில் வருகிறவன் எப்படிப்பட்டவன் என்று அவன் உடம்பைப் பார்த்தே கண்டுகொண்டதால்தான். 2016இல் ஸஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் கோபமான மனித முகத்தின் புகைப்படத்தைக் குதிரைகளுக்குக் காட்டினார்கள். வெறும் படத்துக்கே அவற்றின் இதயத் துடிப்பு வேகமாக ஏறியது. இப்படிப்பட்ட உயிருக்கு நிபந்தனைகள் உண்டு, நிறைய உண்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டு வராதே. உள்ளே ஒன்றும் முகத்தில் ஒன்றுமாக வராதே. அன்பு என்று நாம் ஒரு பெயரை வைத்து அந்த நிபந்தனைகளை மறைப்பது, அவளைப் பார்க்க மறுப்பது என்றே நினைக்கிறேன்.

அப்படியானால் ஹேஸல் அந்தப் பையனுக்குக் கொடுத்தது என்ன? தான் சிகிச்சை செய்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. முதுகில் ஒரு பாரம் இருப்பது தெரியும், அந்தப் பாரம் ஒரு பக்கமாகச் சாய்வது தெரியும், முடிந்ததும் வைக்கோல் கிடைக்கும் என்பது தெரியும். தெரியாமல் கொடுத்தது கொடையாகுமா? உறவுள்ளவரிடம் செல்வது அன்பு என்றும், தொடர்பே இல்லாத உயிரிடத்தும் செல்வது அருள் என்றும் நம் பெரியவர்கள் பிரித்து வைத்தார்கள். வள்ளுவர் ஒன்றை இல்லறத்திலும் மற்றதைத் துறவறத்திலும் வைத்தார். ஆனால் இரண்டுக்குமே அறிகிற நெஞ்சு ஒன்று வேண்டும். அறியாத இடத்திலிருந்து வந்து ஒரு பிள்ளையின் கழுத்தை நிமிர்த்தியதே, அதற்கு என்ன பெயர்?

வெகு நாட்கள் எனக்கு ஒரு பதில் இருந்தது. மழை. ஒப்புரவு பற்றிப் பேச வந்த வள்ளுவர் முதலில் நினைத்தது மேகத்தைத்தான்: அதற்கு இந்த உலகம் என்ன கைம்மாறு செய்துவிட முடியும்? மழைக்கு நம்மைத் தெரியாது. ஆனாலும் அது பெய்வதைக் கொடை என்கிறோம். ஹேஸலும் மழை மாதிரி என்று வைத்துக்கொண்டேன். மூன்று ஆண்டுகள் அந்தப் பதிலோடு நிம்மதியாக நடந்தேன்.

அந்த மார்ச் மாதக் காலையில் என் விரலுக்குக் கீழே முதுகு அமிழ்ந்தபோது அந்த நிம்மதி போயிற்று. மேகத்துக்கு முதுகு கிடையாது. மேகத்துக்கு வலிக்காது. மழைக்குக் கைம்மாறு செய்ய வழியே இல்லை. ஆகவே கடனும் இல்லை. குதிரைக்கு வழி உண்டு. வழி இருக்கும்போது செலுத்தாமல் இருந்தால் அது வெறும் கடன்பாக்கி. மழையை உவமையாக எடுத்து என் கணக்கிலிருந்து நானே என்னை விடுவித்துக்கொண்டிருந்தேன்.

ஆவுடையார்கோயிலுக்கு ஆறு மைல் தள்ளி எங்கள் ஊர். குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பாண்டியன் பணத்தை மாணிக்கவாசகர் கோயிலுக்குச் செலவழித்த திருப்பெருந்துறை அதுதான். லிங்கத்தில் பாணம் இல்லாத கருவறை, முன்னால் நந்தி இல்லாத சன்னிதி, வடித்துக் கொட்டிய சோற்றின் ஆவியே நைவேத்தியம். திண்ணையில் படுக்க வைத்து அப்பத்தா எனக்குச் சொன்ன முதல் கதை, நரி பரியானது. இறைவன் நரிகளைக் குதிரைகளாக்கி, தானே குதிரை வணிகனாக மதுரைக்கு ஓட்டி வருகிறான். இரவில் அவை மறுபடி நரியாகின்றன. லாயத்தில் முன்பே கட்டியிருந்த பழைய குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஓடிப்போகின்றன. கதை அதற்கு மேல் மாணிக்கவாசகரைச் சுடுமணலில் நிறுத்துவதற்கும், வைகை பெருகுவதற்கும், பிட்டுக்கு மண் சுமப்பதற்கும் போகும். நான் போகவில்லை. அந்தப் பழைய குதிரைகள் என்ன பாவம் செய்தன என்று கேட்டேன். கட்டிப்போட்டிருந்தால் ஓடக்கூட முடியாதே என்று அழுதேன். அப்பத்தா கொஞ்ச நேரம் பேசாமல் விசிறியை ஆட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "அது எனக்கும் தெரியலத்தா" என்றாள். ஒரு குழந்தையிடம் தெரியாது என்று சொன்ன அந்த மனுஷியை இன்றுவரை கும்பிடுகிறேன்.

அந்த லாயத்துக் குதிரைகள் கதையில் மட்டும் இல்லை. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கடல் கடந்து ஆயிரக்கணக்கில் குதிரைகளை இறக்குகிறார்கள், வேகவைத்த சோறும் இறைச்சியும் கொடுக்கிறார்கள், பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமல் அவை மடிந்துகொண்டே இருக்கின்றன, மறு ஆண்டு மறுபடி வாங்குகிறார்கள் என்று எழுதி வைத்தார். புல் தின்கிற உயிருக்குச் சோறும் கறியும். கொடுத்தவர்கள் கொடுமைக்காரர்களாக இருந்திருக்க மாட்டார்கள். தாங்கள் உயர்வாக நினைத்ததைத்தான் கொடுத்திருப்பார்கள். அது இன்னும் என்னை உறுத்துகிறது.

எங்கள் குழுவில் வியாழக்கிழமை மாலை முன்னாள் படைவீரர்கள் வருவார்கள். அவர்களில் பலர் குதிரை மேல் ஏறுவதே இல்லை. தேய்த்துவிடுவது, குளம்பைச் சுத்தம் செய்வது, கயிறு பிடித்து நடத்துவது, சும்மா பக்கத்தில் நிற்பது. இதனால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு: நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் போர் அதிர்ச்சியால் அவதிப்பட்ட 63 முன்னாள் வீரர்களை எட்டு வாரம் இப்படிக் குதிரைகளோடு பழகவைத்து 2021இல் முடிவை வெளியிட்டார்கள்; பாதிக்கு மேற்பட்டோரிடம் தெளிவான முன்னேற்றம். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு பிரிவு அந்த ஆய்வில் இல்லை. ஆகவே இதை நிரூபணம் என்று நான் சொல்லமாட்டேன். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்டில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர் ஒருவர். நாற்பதை நெருங்கும் வயது. நன்றாகச் சிரிப்பார், எல்லோருக்கும் தேநீர் எடுத்து வந்து கொடுப்பார். ஒரு வியாழக்கிழமை வழக்கத்தைவிட அதிகமாகச் சிரித்துக்கொண்டு வந்தார். கழுத்துக் கயிற்றை எடுத்துக்கொண்டு மேய்ச்சல் நிலத்துக்குப் போனார். ஹேஸல் அவர் வருவதைப் பார்த்தாள். பத்தடி இருக்கும்போது திரும்பி நடந்தாள். ஓடவில்லை, நடந்தாள். அவர் சுற்றிக்கொண்டு போனார். அவள் மறுபடி திரும்பினாள். ஏழெட்டு முறை. அவர் சிரிப்பு அப்படியே முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. கை மட்டும் கயிற்றை முறுக்கிக்கொண்டே இருந்தது. எங்கள் பயிற்சியாளர் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, இன்றைக்கு வேண்டாம் என்கிறாள், விட்டுவிடுவோம் என்றார். கயிற்றை வாங்கி ஆணியில் மாட்டினார். எல்லோரும் தேநீர் குடித்துவிட்டுப் போனோம். அவ்வளவுதான். கடைசியில் குதிரை மனம் இரங்கி வந்து அவர் தோளில் முகம் வைக்கவில்லை. அன்று அவள் வரவே இல்லை.

இவர் இனி வரமாட்டார் என்று நினைத்தேன். மறு வாரம் முதல் ஆளாக வந்திருந்தார். வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டே, முந்தின இரவெல்லாம் தூங்கவில்லை என்று சொன்னார். பிறகு அவர் சொன்னதைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: பதினோரு ஆண்டு ராணுவத்தில் என்னைப் போ என்றார்கள், போனேன். மருத்துவமனையில் எழுந்து நில் என்றார்கள், நின்றேன். வேண்டாம் என்று நான் எங்கும் சொன்னதில்லை; சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியாது. இங்கே ஒரு குதிரை வேண்டாம் என்கிறது, நீங்கள் கயிற்றை ஆணியில் மாட்டிவிட்டுத் தேநீர் போடப் போகிறீர்கள்.

நான் வாளியை வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டேன். சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து ஒன்றை உறுதியாக நம்புகிறேன். அவரைத் தொட்டது குதிரையின் அன்பு இல்லை. அவள் மறுத்ததும், அந்த மறுப்பை நாங்கள் மதித்ததும்தான். அவளுக்கு மறுக்கும் இடம் இல்லையென்றால் அவள் வருவதற்கும் பொருள் இல்லை.

மகளைப் பார்க்க வர்ஜீனியாவுக்குப் போயிருந்தபோது ஆர்லிங்டன் தேசிய இடுகாட்டில் ஒரு ராணுவ இறுதி ஊர்வலத்தைத் தூரத்திலிருந்து பார்த்தேன். ஆறு குதிரைகள். இடப்பக்கம் மூன்றின் மேல் வீரர்கள். வலப்பக்கம் மூன்றில் சேணம் உண்டு, ஆள் இல்லை. அவை இழுக்கும் வண்டி 1918இல் பீரங்கிப் படைக்காகச் செய்யப்பட்டதாம்; இப்போது அதன் மேல் கொடி போர்த்திய பெட்டி. 2006 முதல் இதே பிரிவின் குதிரைகளை வைத்து, ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் காயம்பட்டுத் திரும்பியவர்களுக்கு அங்கே சிகிச்சைச் சவாரி நடந்தது. இறந்தவனை இழுத்த அதே லாயம் பிழைத்தவனையும் சுமந்தது. அதை மகள் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. அதற்குப் பின் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2022 பிப்ரவரியில் அந்தக் குதிரைகளில் இரண்டு, சில நாள் இடைவெளியில் இறந்தன. தீவனமும் இருந்த இடமும் சரியில்லை என்று ராணுவத்தின் விசாரணையே சொன்னது. 2023இல் குதிரை வண்டி ஊர்வலத்தையே நிறுத்தினார்கள். 2025இல்தான் மெல்ல மீண்டும் தொடங்கினார்கள். இடையில் புதைக்கப்பட்டவர்களுக்குக் குதிரை இல்லை. எத்தனையோ விதவைகள் அந்தக் குளம்பொலியை எதிர்பார்த்திருப்பார்கள். ஆனாலும் நிறுத்தினார்கள். இழுத்தது போதும், முதலில் இவை தேறட்டும் என்று ஒரு பெரிய ராணுவம் சொல்ல முடிந்தது என்பதை நான் பெரிதாக எண்ணுகிறேன்.

மார்ட்டின் பூபர் என்ற யூதச் சிந்தனையாளர் தன் பதினோராவது வயதில் நடந்ததாக ஒன்றை எழுதியிருக்கிறார். தாத்தா பாட்டியின் பண்ணையில் புள்ளிச் சாம்பல் நிறக் குதிரை ஒன்று. யாரும் பார்க்காதபோது லாயத்துக்குள் போய் அதன் கழுத்தைத் தடவுவார். தடவும்போது தானல்லாத வேறொரு உயிர், வேறு என்பது குறையாமலே தன்னை நெருங்கவிட்டதை உணர்ந்தாராம். குதிரை தலையை உயர்த்திக் காதை அசைக்கும். ஒருநாள் தடவிக்கொண்டிருக்கும்போதே, இது எவ்வளவு சுகமாக இருக்கிறது என்ற நினைப்பு வந்தது. தன் கையை உணர்ந்தார். தடவல் முன் போலவே தொடர்ந்தது, ஆனால் ஏதோ மாறிவிட்டது. மறுநாள் தீனி போட்டுவிட்டுத் தடவியபோது குதிரை தலையை உயர்த்தவில்லை. குதிரைக்கு அதெல்லாம் தெரிந்திருக்காது என்று பின்னாளில் அவருக்கே தோன்றியது. அன்று மட்டும், தீர்ப்பு சொல்லப்பட்டுவிட்டது என்று அந்தச் சிறுவன் உணர்ந்தான்.

இதைப் படித்தபோது எனக்குப் பயமாக இருந்தது. நான் கையை உணர்ந்தே சம்பளம் வாங்கியவள். சிகிச்சை என்றாலே ஒரு கண் கடிகாரத்தில் இருக்கும்; இத்தனை நிமிடம், இத்தனை சுற்று, இத்தனை டிகிரி கால் விலகியது என்று படிவத்தில் எழுத வேண்டும். ஹேஸலை நான் ஒரு கருவியாகப் பார்க்காத நாள் உண்டா? அந்தப் பையனைத்தான் ஒரு 'கேஸ்' என்று பார்க்காத நாள் உண்டா? உண்டு என்று சொல்ல முடிகிறது, சில நாட்களை நினைத்து. அவன் குனிந்து என்னைப் பார்த்த நாள். அவள் வர மறுத்த நாள். இரண்டு நாளும் என் படிவத்தில் எழுத ஒன்றும் இல்லை.

நான் சைவக் குடும்பத்தில் வளர்ந்தவள். இப்போதும் காலையில் நீறு பூசாமல் வெளியே போவதில்லை. உமாபதி சிவம் திருவருட்பயனில் சொல்லும் ஓர் உவமை உண்டு. விலங்கைப் பிடிக்க அதே இனத்து விலங்கொன்றைப் பழக்கி முன்னால் நிறுத்துவார்கள். பார்வை விலங்கு என்று அதற்குப் பெயர். மனிதரை ஆட்கொள்ள இறைவன் மனித வடிவத்தைப் போர்த்திக் குருவாக வருவதும் அப்படியே என்கிறார். எனக்கு மிகவும் பிடித்த உவமை அது. ஆனால் வியாழக்கிழமைகளில் நான் பார்த்தவர்களுக்கு அது பொருந்தவில்லை. மனித முகத்தைக் கண்டாலே உடம்பு இறுகுகிறவன், மனிதக் குரலில் வந்த கட்டளைகளால் உடைந்தவன், அவனிடம் மனித வடிவில் யார் வந்தும் பயனில்லை. அவனுக்கு அருள் வேற்று இனமாகத்தான் வர வேண்டியிருக்கிறது. பேசாத ஒன்றாக, அறிவுரை சொல்லாத ஒன்றாக. மாணிக்கவாசகருக்குக் குருந்த மரத்தடியில் குருவாக வந்தவனே பிறகு குதிரைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டும் வந்தானே என்று நினைத்துக்கொள்வேன். உமாபதியாரோடு சண்டை போட எனக்குத் தகுதியில்லை. என் கண் கண்டதை விழுங்கவும் முடியவில்லை.

அருள் அவள் வழியாக வருகிறது என்று சொல்லிவிட்டால் ஓர் ஆபத்தும் சேர்ந்து வருகிறது. வழி தேய்ந்தால் யாரும் கவலைப்படுவதில்லை.

டோரத்தி புரூக் என்ற ஆங்கிலப் பெண்மணி 1930இல் கெய்ரோவுக்குப் போனபோது, முதல் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் ராணுவம் அங்கேயே விற்றுவிட்டு வந்த குதிரைகள் கல் வண்டி இழுத்துக்கொண்டிருப்பதைக் கண்டார். போர் முடிந்து பன்னிரண்டு ஆண்டு கழித்தும். பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார், பணம் வந்தது, சில ஆண்டுகளில் ஐயாயிரம் குதிரைகளை விலைக்கு வாங்கினார். பெரும்பாலானவை ஓட்டியே தீர்ந்துபோனவை. அவற்றுக்கு அவரால் கொடுக்க முடிந்தது வயிறு நிறையத் தீனி, படுக்க வைக்கோல், பிறகு வலியில்லாத சாவு. அதற்காகவா விலை கொடுத்து வாங்க வேண்டும் என்று கேட்கலாம். படுப்பதற்குத்தான். குதிரை நின்றுகொண்டே கண்ணயரும். ஆனால் ஆழ்ந்து தூங்க அது படுத்தே ஆக வேண்டும், பயமில்லாத இடத்தில்தான் படுக்கும்.

மார்ச் மாதக் காலைக்கு வருகிறேன். பயிற்சியாளரைக் கூப்பிட்டு முதுகைக் காட்டினேன். அன்றைய சவாரி நின்றது. அடுத்த வாரம் விலங்கு மருத்துவர் எக்ஸ்ரே எடுத்தார். சேணத்துக்குக் கீழே முதுகெலும்பின் முட்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. அவளுக்குப் பத்தொன்பது வயது. ஊசி போட்டு, பாரம் குறைத்து, இன்னும் சில மாதம் ஓட்டலாம் என்பது ஒரு வழி. பையனின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, கோடை வரைக்குமாவது என்றார். அவ்வளவு அகலமான முதுகும் அவ்வளவு சீரான நடையும் எங்கள் மற்ற நான்கு குதிரைகளுக்கும் இல்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் பிள்ளையாக இருந்தால் நானும் கேட்டிருப்பேன். வேண்டாம் என்று சொன்னேன்.

அதற்கு விலை இருந்தது. பொருத்தமான வேறு குதிரை கிடைக்கப் பதினோரு வாரம் ஆயிற்று. அந்தப் பதினோரு வாரத்தில் அவன் தொடைகள் மறுபடி கத்தரிக்கோலாகிவிட்டன. நான் அவர்கள் வீட்டுக்குப் போய்க் கையால் செய்து பார்த்தேன்; அழுதான். அவன் அம்மா கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விடுவார், என்னோடு பேசமாட்டார். நான் செய்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். அந்த அழுகை அதனால் குறைந்துவிடவில்லை.

தையில் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் அய்யனார் கோயில் பாதையில் மண் குதிரைகள் வரிசையாக நிற்கும். பாதி சாய்ந்து, சில கழுத்தில்லாமல், மழையில் கரைந்து மண்ணோடு மண்ணாக. புரவி எடுப்புக்கு ஊரே சுமந்துபோய் வைத்தவை கொஞ்சம். பிள்ளைக்குக் கால் சரியாக வேண்டும், கண் தெரிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர்கள் நேர்த்திக்கடனாகக் கொண்டுவந்து வைத்தவை மீதி. அவற்றின் மேல் மனிதர் யாரும் ஏறுவதில்லை. இரவில் அய்யனார் மட்டும்.

மண் குதிரை வனையும் வேளார் வீட்டுக்குப் போய்ப் பிடிமண் கொடுத்தேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அப்பத்தாவைத் தெரிந்தவர். மண்ணைக் கையில் வாங்கிக்கொண்டு, "யாருக்குத்தா மேலுக்குச் சொகமில்ல?" என்றார்.

"ஒரு குதிரைக்கு அண்ணே."

என்னை நிமிர்ந்து பார்த்தார். சிரிக்கவில்லை. "எங்க நோவு?"

குனிந்து, திண்ணையில் காய்ந்துகொண்டிருந்த ஒரு குதிரையின் முதுகில் விரல் வைத்துக் காட்டினேன். அவரும் அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். அங்கே மணியும் குஞ்சமும் பதித்த சேணம் ஒன்று மண்ணிலேயே வனைந்திருந்தது.

"அப்ப இது வேணாமா?" என்றார்.

"வேண்டாம் அண்ணே. வெறும் முதுகா இருக்கட்டும்."